வாயுவதிகாரம்: மூலமும் உரையும்

தொல்காப்பியத்தைக் குறை நீங்கக் கேட்டு அரங்கேற வைத்தவர் அதங்கோட்டாசான் என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு விளவங்கோடு வட்டத்தில் இருக்கும் எங்கள் அதங்கோடுதான் என்பதில் குமரி மாவட்டத்துக்காரர் எவருக்கும் சந்தேகம் கிடையாது; சந்தேகப்படுபவர் வெளியூர்க்காரர். தேரூர்க் கவிமணி மருமக்கள்வழி மான்மியம் எழுதிச் சிரிக்க வைத்ததும் இந்த மண்ணைத்தான். இலக்கணத்துக்கும் எள்ளலுக்கும் பஞ்சமில்லாத நாஞ்சில் நாட்டில், பங்குனி தோறும் ஏசி மெக்கானிக்குக்கும் வீட்டுக்காரருக்கும் நடக்கும் வழக்குக்கு மட்டும் இன்றுவரை நூல் ஒன்று இல்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இது.

பாயிரத்துக்குரிய உறுப்புகளைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எல்லை: கிழக்கே ஆரல்வாய்மொழி, மேற்கே களியக்காவிளை, வடக்கே மலை, தெற்கே கடல். நுதலிய பொருள்: குளிராத ஏசிக்குக் காஸ் ஏற்றுவதா, கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவதா என்பது. கேட்போர்: ஃபேனுக்குக் கீழே ஈரத்துண்டோடு கிடப்போர். காலம்: பங்குனி, சித்திரை. ஆனியில் சாரல் விழுந்துவிட்டால் இந்நூலை ஒருவரும் புரட்ட மாட்டார்கள். பயன்: குறைந்தபட்சம் மூவாயிரம் ரூபாய்.

வழக்கு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

"அக்கா, காஸ் தீந்துட்டு."

"போன வருசந்தான மக்ளே நெறச்சிட்டுப் போன?"

"அது போன வருசத்து காஸ்லா அக்கா."

இதற்கு மேல் அக்காவிடம் பதில் இல்லை. மண்ணெண்ணெய் எரிந்து தீர்வதுபோல் காஸும் ஓடி ஓடித் தீர்கிறது என்ற எண்ணம் நாட்டில் வேர்விட்டிருக்கிறது. நூலின் முதல் நூற்பா அந்த வேரைத்தான் வெட்டுகிறது.

காஸெனப் படுவது கரைபொருள் அன்றே;
ஓட்டை உளவழி ஓடிடும் அதுவே.

உரை: ஏசிக்குள் இருப்பது ஒரு மூடிய வளையம். அறைக்குள் இருக்கும் கூலிங் காயிலில் காஸ் திரவமாக வந்து கொதித்து ஆவியாகிறது. ஆர்-32 என்ற வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 51.7 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஏசிக்குள் அழுத்தம் கூட்டி அந்தக் கொதிப்பைப் பத்து டிகிரி அளவில் நிறுத்திவைக்கிறார்கள். கொதிக்க வேண்டிய வெப்பத்தை அது நம் அறையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரெசர் அந்த ஆவியை நெருக்கிச் சூடாக்கி வெளியே தள்ள, அவுட்டோர் பெட்டியில் வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகித் திரும்புகிறது. இதில் எரிவது ஏதுமில்லை, கரைவதும் இல்லை. கம்பெனிக்காரன் அடைத்த கிராம் பத்து வருடம் கழித்தும் அதே கிராமாக இருக்க வேண்டும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் காஸ் ஏற்றுவது, கரை உடைந்த குளத்துக்குப் பேச்சிப்பாறையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவதற்குச் சமம்.

ஆகவே மெக்கானிக்குக்கு நாம் கொடுக்கும் பணத்தைக் காஸின் விலை என்று நினைப்பது பிழை. அது ஓட்டையின் வாடகை. ஓட்டையை அடைக்காதவரை வருடா வருடம் கட்ட வேண்டியதுதான்.

இனிப் போலிகளைக் களைய வேண்டும். குளிர் குறைந்த ஏசி எல்லாம் காஸ் குறைந்த ஏசி அல்ல. நாஞ்சில் நாட்டில் இந்தப் போலிக்கு ஒரு பருவமே உண்டு. கும்பப்பூ அறுப்பு முடிந்து, அறுவடை மிஷின் கிளப்பிய வைக்கோல் தூசி வயலோரத்து வீடுகளில் படிந்து கிடக்கும். ஐப்பசியில் நிறுத்திய ஏசியைப் பங்குனியில் முதல்முறை போடுகிறோம். ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பதில்லை. காற்று புகாத காயிலில் வெப்பம் சேராமல், அதில் வழியும் ஈரம் உறைந்து பனிக்கட்டியாகிறது. காஸ் குறைந்தாலும் காயிலில் பனி பிடிக்கும், ஃபில்டர் அடைத்தாலும் பனி பிடிக்கும். முன்னதற்கு ரூபாய் 3,000. பின்னதற்கு ஒரு வாளித் தண்ணீர். கேப்பாசிட்டர் தளர்ந்து அவுட்டோர் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் குளிர் வராது. அந்தக் கேப்பாசிட்டர் சில நூறு ரூபாய்ச் சாமான். இண்டோரிலிருந்து தண்ணீர் சொட்டினால் முதலில் பார்க்க வேண்டியது டிரெயின் குழாயை. அதில் பல்லியோ பாசியோ அடைத்திருக்கும். சொட்டுகிற தண்ணீரைக் காட்டி "காஸ்தான் இப்படி ஒழுகுது" என்று சொல்லிக் காசு வாங்கிய மகான்களும் நம் மாவட்டத்தில் உண்டு. அவர்களுக்குத் தனி இயல் வகுத்தால் நூல் பெருகும் என்று விட்டுவிட்டேன்.

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது முன்னோர் முடிவு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நால்வகை நிலமும் இந்த ஒரே மாவட்டத்தில் உண்டு, பாலை மட்டும் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். மேற்கு வெயில் விழும் மாடி அறையில், காஸ் போன ஏசிக்குக் கீழே சித்திரை மத்தியானம் படுத்திருந்தவர்கள் அந்தக் குறையும் நீங்கிவிட்டது என்பார்கள்.

நெய்தலைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும். குளச்சல், முட்டம், கடியப்பட்டணம், தூத்தூர், கிழக்கே சின்னமுட்டம். இங்கெல்லாம் ஏசியைக் கொல்வது கோடை வெயில் அல்ல, உப்புக்காற்று. அவுட்டோர் பெட்டியின் காயிலில் செப்புக் குழாயைச் சுற்றி அலுமினியத் தகடுகள் நெருக்கமாகக் கோத்திருக்கும். இரண்டு வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அங்கே மின்வேதியரிப்பு தொடங்குகிறது; இரண்டில் அலுமினியம்தான் முதலில் பலியாகும். கடற்கரை வீட்டு அவுட்டோரின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிரும். இன்னும் முற்றிய பெட்டியில் தகடே இருக்காது, வெறும் குழாய் எலும்பாய் நிற்கும். தகடு போனால் வெப்பம் வெளியேற வழியில்லை. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, கம்ப்ரெசர் திணறுகிறது, மீட்டர் ஓடுகிறது, அறை மட்டும் குளிர்வதில்லை. காஸ் அப்போதும் முழுசாகவே இருக்கக்கூடும்! அதன் பிறகுதான் அடித்தட்டு துருப்பிடித்து, பெட்டி ஆட்டம் கண்டு, குழாய் உரசி, உண்மையான ஓட்டை விழுகிறது. இந்த நிலைக்கு வந்த பெட்டியில் காஸ் ஏற்றுவது இறந்த வீட்டுக்கு வைத்தியரை அழைப்பது. நீல நிறப் பூச்சுள்ள காயில் அரிப்பைத் தாமதப்படுத்தும், தடுக்காது. அவுட்டோரைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் மறுபுறச் சுவரில் மாட்டுவதும், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிவிடுவதும் எந்தப் பூச்சையும்விட நன்மை செய்யும். கரையோர ஏசியின் வயதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்க என்பது இவ்வுரைகாரன் கொள்கை. முட்டத்தில் ஆறு வருடம் ஓடியது பூதப்பாண்டியில் ஒன்பது வருடம் ஓடியதற்குச் சமம்.

இதே நெய்தலில் குளிரின் மூத்த குடியும் வாழ்கிறது. மீன்பிடித் துறைகளை ஒட்டிய ஐஸ் பிளான்ட்டுகளில் சுற்றி வருவது அமோனியா. நம் வீட்டு ஏசியை 'ஒன்றரை டன்' என்கிறோமே, அந்த டன் ஐஸ்கட்டிக் கணக்கு: 24 மணி நேரத்தில் ஒரு டன் ஐஸ் உருக எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அவ்வளவை இழுக்கும் திறன், ஏறக்குறைய மூன்றரை கிலோவாட். 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸைக் கப்பலில் கொண்டுவந்து விற்றார் பிரெடரிக் டியூடர். அன்றைக்கு உருகி ஓடியது உண்மையிலேயே தீர்ந்தது. மெக்கானிக்கைத் திட்ட முடியாது.

மருதம் எளிது. நாகர்கோவில், சுசீந்திரம், தேரூர், பூதப்பாண்டி வட்டாரத்தில் கசிவு பெரும்பாலும் ஃபிளேர் நட்டில் இருக்கும். அது இண்டோரிலிருந்து வரும் குழாயும் அவுட்டோரும் கூடும் பித்தளை மரை. மாட்டும்போது அவசரத்தில் விரித்த குழாய் வாய் கோணியிருக்கும், அல்லது வீடு மாற்றும்போது கழற்றி மறுபடியும் முறுக்கியதில் வெடித்திருக்கும். வாடகை வீட்டுக்காரர்களின் ஏசிக்கு இதுவே குலநோய்.

முல்லைக்கும் குறிஞ்சிக்கும் ஏசி அதிகம் வேண்டாம். ஆனால் குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் வீடுகளுக்கு ஒரு சொல் உண்டு. ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றும் ஆசிட் பார்மிக் அமிலம். ஈரமும் காற்றும் இந்த அமிலத்தின் ஆவியும் சேர்ந்தால் செப்புக்குழாய்க்குள் நுண்ணிய சுரங்கங்கள் விழும். பூதக்கண்ணாடியில் எறும்புப் புற்றைப் போலவே கிளை விட்டிருக்கும். வெளியே கண்ணுக்குப் புலப்படாத துளையில் காஸ் மாதக்கணக்கில் கசியும். வினிகர், சில வகைச் சுத்திகரிப்பான்கள், புது பிளைவுட் பசை இவற்றிலிருந்து வரும் ஆவியும் இதே வேலையைச் செய்யும். ஆசிட் கேனை ஏசி அறைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அடுத்தது வாயுக்களின் வகை. அவை நான்கு.

மூத்தது ஆர்-22. வானத்து ஓசோன் படலத்தை அரிக்கும் குலத்தில் பிறந்தது. குளோரின் கலந்த இவ்வகை வாயுக்கள் ஓசோனைத் தின்னும் என்று மொலினாவும் ரௌலண்டும் 1974-இல் எச்சரித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1992-இல் இந்தியா சேர்ந்தது. 2025 தொடக்கத்தோடு நம் நாட்டில் புது மிஷின்களில் இதற்கு இடமில்லை. பழைய மிஷின்களுக்கு ஏற்றும் காஸ் இன்னும் கிடைக்கிறது. 2030-க்குப் பிறகு ரிப்பேருக்கென ஒரு சிறு பங்குதான் மிஞ்சும். விலை எந்தப் பக்கம் போகும் என்பதை ஊகிக்க உரையாசிரியர் தேவையில்லை.

இரண்டாவது ஆர்-410ஏ. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் புவி வெப்பத்துக்கு மகா தீங்கு. ஒரு கிலோ காற்றில் கலந்தால் 2,088 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இது ஆர்-32, ஆர்-125 என்ற இரண்டின் சரிபாதிக் கலவை. கலவை கசியும்போது இரண்டும் ஒரே அளவில் கசியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எனவே மிச்சத்தை எடுத்துவிட்டு, வேக்கம் போட்டு, முழுவதையும் எடைபோட்டு நிரப்புவதுதான் முறை. 'கொஞ்சம் டாப்-அப்' இதற்குப் பொருந்தாது.

மூன்றாவது, இன்று பெரும்பாலான புது ஏசிகளில் இருப்பது, ஆர்-32. உலகில் முதன்முதலாக வீட்டு ஏசியில் இதைப் போட்டு 2012-இல் ஜப்பானில் விற்றது டைகின் நிறுவனம். ஒற்றை வாயு, புவி வெப்ப எண் 675, குறைந்த அளவிலேயே போதும். மெல்லத் தீப்பற்றும் குணம் மட்டும் உண்டு. பற்றவைப்புச் சுடரோடு வேலை செய்பவர் உள்ளே மிச்சம் இருக்கும் காஸை வெளியேற்றி நைட்ரஜன் ஓட்டாமல் குழாயில் சுடரைக் காட்டக் கூடாது.

நான்காவது ஆர்-290. பெயர்தான் புதுசு, பொருள் புரொப்பேன். கோத்ரெஜ் 2012 முதல் இதை வீட்டு ஏசியில் விற்றது. புவி வெப்பத்துக்குக் கிட்டத்தட்டத் தீங்கே இல்லை. தீப்பற்றுவதில் மற்ற மூன்றையும் மிஞ்சும். இதற்கென்றே வடிவமைத்த மிஷினில் கிராம் கணக்கில் இருக்கும்வரை நல்லது. ஆர்-22 கிடைக்காத நாளில் "அதுக்குப் பதிலா இத ஏத்திரலாம் அண்ணாச்சி, சில்லுனு இருக்கும்" என்று ஒருவர் புரொப்பேனையோ அடுப்பு காஸையோ பழைய பெட்டியில் ஏற்றினால், சில்லென்றுதான் இருக்கும், மின்பொறி படும்வரை.

வாயு மயக்கம் எவ்விடத்தும் ஆகாது. ஆர்-22 மிஷினில் இருப்பது கனிம எண்ணெய். ஆர்-410ஏ, ஆர்-32 மிஷின்களில் செயற்கை எஸ்டர் எண்ணெய். ஆர்-32-இன் அழுத்தம் ஆர்-22-ஐவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பழைய பெட்டியின் குழாயும் கம்ப்ரெசரும் அதைத் தாங்கச் செய்தவை அல்ல.

இங்கே ஒரு கணக்கு. ஆர்-22-இன் எண் 1,810. பழைய ஒன்றரை டன் ஏசியிலிருந்து 1.2 கிலோ காற்றில் போனால், ஸ்கூட்டரில் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு ஐந்து முறை போய்வந்தால் வரும் புகைக்கு மேல். காஸ் ஏற்றியது அறைக்குள் போயிற்றா, ஆகாயத்துக்குப் போயிற்றா என்பது தர்மச் சிந்தனைக்கும் உரியது.

மெக்கானிக்குகள் மூவகையர்: தொட்டறிவோர், ஊற்றுவோர், தேடுவோர்.

தொட்டறிவோர் அவுட்டோர் குழாயைத் தொட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தீர்ப்புச் சொல்வர். கேஜ் அவர்கள் வண்டியில் இருக்கும், பையை விட்டு வெளியே வராது. ஊற்றுவோர் கேஜ் போடுவர். ஆர்-22 என்றால் உறிஞ்சும் பக்கம் 60, 70 பிஎஸ்ஐ. ஆர்-410ஏ, ஆர்-32 என்றால் 110-க்கு மேல். முள் அந்த எண்ணைத் தொட்டதும் வேலை முடிந்தது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரெசரின் வேகம் ஏறி இறங்குவதால் முள்ளும் கூடவே ஏறி இறங்கும். முள்ளை நம்பி ஊற்றினால் கூடவும் செய்யும், குறையவும் செய்யும். தராசு ஒன்றுதான் அங்கே சாட்சி.

தேடுவோர் அரியர். அப்படி ஒருவர் வந்தால் அடையாளம் இது. முதலில் டார்ச்சை எடுத்துக்கொண்டு குழாய் மூட்டுகளைப் பார்ப்பார். காஸோடு கம்ப்ரெசர் எண்ணெயும் சேர்ந்து ஓடுவதால் கசிவு உள்ள இடத்தில் எண்ணெய்ப் பசை பிடித்து அதில் தூசி கறுப்பாய் ஒட்டியிருக்கும். செப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அந்த இடத்தை அவர் விரலால் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பார். பிறகு நைட்ரஜன் சிலிண்டரை மாட்டி அழுத்தம் ஏற்றி, வெட்டிய தண்ணீர் பாட்டிலில் கலக்கிய சோப்பு நுரையைப் பிரஷால் மூட்டுக்கு மூட்டு பூசிக் காத்திருப்பார். கசிவுள்ள மூட்டில் குமிழ் ஒன்று மெல்ல ஊதும், உடையும், அதே இடத்தில் மறுபடியும் ஊதும். "பாருங்க சாரே" என்பார். பழைய வாயை வெட்டி எறிந்து புது ஃபிளேர் விரித்து, இரண்டு ஸ்பேனர் போட்டு முறுக்குவார். நைட்ரஜனை அப்படியே விட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து முள் இறங்கவில்லை என்று நமக்குக் காட்டுவார். அதன் பிறகே வேக்கம் பம்ப், அதன் பிறகே தராசில் சிலிண்டர், அதன் பிறகே காஸ். இவருக்குக் கூலி ஐந்நூறு, ஆயிரம் கூடத்தான் ஆகும். பேரம் பேசாதீர்கள்.

இனி நூலின் நடுநாயகமான நூற்பா.

மூட்டில் கசிவெனின் முறுக்குக, சுருளில்
கசிவெனின் வயதும் காஸும் நோக்குக.

உரை: ஒன்றரை டன் ஏசிக்கு முழுக் காஸ் ஏற்ற இன்றைய நிலவரம் ஏறத்தாழ 2,500 முதல் 4,000 ரூபாய். மூட்டுக் கசிவு என்றால் அதோடு மூட்டைச் சரிசெய்யும் கூலியும் சேரும், அவ்வளவுதான். எட்டு வருட ஏசியானாலும் இதற்காகப் புதுசு வாங்குவது வீண். சுருளில், அதாவது காயிலில் கசிவு என்றால் கதை வேறு. செப்புக் காயிலில் ஒரு துளை என்றால் பற்றவைக்கலாம். எறும்புப் புற்று விழுந்த காயிலில் ஒன்றை அடைத்தால் பக்கத்தில் ஒன்று திறக்கும். அலுமினியக் காயிலைப் பற்றவைக்க நம் ஊரில் ஆள் கிடைப்பது அரிது. காயிலையே மாற்றினால் காஸோடு சேர்த்துப் பத்தாயிரத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். வாரண்டி அட்டையை அப்போதுதான் தேடுவோம். கம்ப்ரெசருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். காஸும் கூலியும் தனி என்பது சிறிய எழுத்தில் இருக்கும்.

மறுபக்கத்தில், ஒன்றரை டன் புது இன்வெர்ட்டர் ஏசி 35,000 முதல் 50,000 வரை. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-ஆக இறங்கியதில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஸ்டாண்டு, கூடுதல் பைப், மாட்டும் கூலி ஆகியவை விளம்பரத்தில் வராத பரிவாரங்கள். பழையதற்குச் சில ஆயிரம் கிடைக்கும், செப்பின் புண்ணியத்தில்.

கடைக்காரர் இந்த இடத்தில் கரண்டு பில்லை எடுப்பார். "புதுசு போட்டா கரண்டு மிச்சத்திலேயே காசு வந்துரும் அண்ணாச்சி." இதை நாஞ்சில் நாட்டுக் கணக்கில் போட்டுப் பார்க்க வேண்டும். நட்சத்திரப் பட்டையில் அச்சிட்ட யூனிட், வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. செயல்திறன் எண் 3 உள்ள பழைய ஏசிக்கும் 5 உள்ள புது ஐந்து நட்சத்திரத்துக்கும் அந்த 1,600 மணி நேரத்தில் வித்தியாசம் சுமார் 500 யூனிட். நம் வீடுகளில் ஏசி ஓடுவது கோடையில் இரவு எட்டு மணி நேரம், நூறு நாள் என்று வைப்போம். மீதி நாளில் தென்மேற்குப் பருவமோ வடகிழக்குப் பருவமோ நமக்கு இலவசமாகக் குளிர் தருகிறது. ஆக 800 மணி நேரம், மிச்சம் 250 யூனிட். இரண்டு மாதப் பில் 500 யூனிட்டைத் தாண்டி யூனிட் எட்டு, ஒன்பது ரூபாய்க்குப் போகிறது என்றே வைத்தாலும் வருடத்துக்கு 2,250 ரூபாய் மிச்சம். நாற்பதாயிரம் திரும்பி வர பதினேழு, பதினெட்டு வருடம். அதற்குள் அந்தப் புது ஏசிக்கே காஸ் போயிருக்கும்.

ஒரே ஒரு நுணுக்கத்தில் கடைக்காரர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. மின்வாரியத்தின் படிக்கணக்கில் 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையுள்ள மலிவுப் படி மறைந்துவிடும். உங்கள் கோடைப் பில் 520, 540 என்று விளிம்பில் நிற்கிறது என்றால், மிச்சமாகும் ஐம்பது யூனிட் உங்களைக் கீழ்ப்படிக்கு இறக்கி, சில நூறு ரூபாயைக் கூடுதலாகக் காப்பாற்றும். அதற்காக நாற்பதாயிரம் கொடுப்பதற்குப் பதில் 20-இல் வைத்த ரிமோட்டை 25-க்கு ஏற்றலாம்.

கன்னியாகுமரி லாட்ஜ்காரர்களுக்கு இந்த உரை பொருந்தாது. சூரிய உதயம் பார்க்க வந்தவர் அறையைப் பூட்டிக்கொண்டு ஏசியை ஓடவிட்டுத்தான் கடற்கரைக்குப் போவார். அங்கே வருடத்துக்கு 3,000 மணி நேரம் சாதாரணம். யூனிட்டும் வணிகக் கட்டணத்தில் பத்து ரூபாயை ஒட்டி. நாலைந்து வருடத்தில் புதுசின் விலை திரும்பிவிடும். போதாக்குறைக்கு மூன்று பக்கமும் உப்புக்காற்று. அவர்கள் மாற்றலாம், சீக்கிரமே மாற்றலாம்.

வீட்டுக்காரர் வகைகளைத் தொட்டுச் செல்வோம். மாமியார் வீட்டுச் சீராக வந்த ஏசி ஒரு தனி இனம். காயில் போனாலும், போர்டு போனாலும், ஐப்பசி இடியில் வெந்தாலும் அதை மாற்ற ஒருவரும் துணிய மாட்டார்கள். மாற்றினால் "எங்க அப்பா வாங்கித் தந்ததுன்னா மட்டும் ஒங்களுக்குக் கண்ணுல உறுத்தும்" என்ற நூற்பா எழும். அதற்கு எந்த உரையாசிரியரும் உரை கண்டதில்லை. வளைகுடாவில் இருபது வருடம் 18 டிகிரியில் தூங்கிப் பழகி ஊர் திரும்பியவர் இதற்கு நேரெதிர். ஏசி நன்றாகக் குளிர்ந்தாலும் அவருக்குக் காஸ் குறைவாகவே தோன்றும்.

கடைசி நூற்பா.

ஓராண் டுள்ளே இருமுறை நிரப்பின்
மறுமுறை நிரப்பல் வழுவெனப் படுமே.

உரை: கசிவைக் காணாமல் காஸ் ஏற்றுவது வழு. ஆனாலும் இலக்கணத்தில் வழுவமைதிக்கும் இடம் உண்டு. வீட்டில் நாளைக்கு நிச்சயதாம்பூலம். அல்லது கைக்குழந்தைக்கு வேர்க்குரு. அல்லது படுக்கையில் முதியவர். தேடுவோர் வர இரண்டு வாரம் ஆகும் என்கிறார். அப்போது ஒருமுறை ஏற்றிக்கொள்வதை அமைக்கலாம். அதே காரணத்தை இரண்டாம் முறை சொன்னால் அது வழுவமைதி அல்ல, பழக்கம். ஓராண்டுக்குள் மூன்றாம் முறை சிலிண்டர் படியேறினால் வீட்டுக்காரரே அதைத் தடுக்க வேண்டும். ஏற்றிய மூன்று காஸின் விலையில் புது காயிலே வந்திருக்கும்.

இத்தனையையும் சேர்த்துத் தீர்ப்பு இது. மூட்டுக் கசிவு எந்த வயதிலும் ரிப்பேருக்கே உரியது. காயில் கசிவு, ஐந்து வருடத்துக்குள், ஆர்-32 என்றால் காயிலை மாற்றலாம். வாரண்டி இருந்தால் கம்பெனியோடு வாதாடலாம். காயில் கசிவும் ஆர்-22-உம் சேர்ந்து வந்தால் அந்த ஏசிக்கு இனி ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். கடற்கரையில் தகடு உதிர்ந்த பெட்டிக்கும் அதே விதி, காஸ் எதுவானாலும் சரி.

நூல் வாங்கியவர்களுக்கு ஒரு வேலை. அவுட்டோர் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தகடு ஒட்டியிருக்கும். காஸின் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அதில் இருக்கும். கடற்கரை வீட்டில் அந்த எழுத்து அழியும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். மாசியிலேயே மெக்கானிக்குக்கு அதை அனுப்பி, நைட்ரஜனும் தராசும் கொண்டுவருவாரா என்று கேளுங்கள். பங்குனி பிறந்தபின் கூப்பிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.